திரட்டு விழுங்கிய ஏழு இசைத்தட்டுகள்

கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்னும் அமெரிக்க ராக் குழுவைத் தமக்கு நன்கு தெரியும் என்று சொல்லும் நண்பர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அவர்களுடைய எந்த ஆல்பத்தைக் கேட்டிருக்கிறீர்கள்? பெரும்பாலும் கிடைக்கும் விடை 'கிரானிக்கிள்' என்பது. அந்த விடையே நோயின் அறிகுறி என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

'கிரானிக்கிள்' அக்குழுவின் ஆல்பம் அன்று. 1972இல் குழு கலைந்து, நான்காண்டுகள் கழிந்த பின், 1976இல் ஃபேண்டஸி ரெக்கார்ட்ஸ் நிறுவனம் வெற்றிபெற்ற இருபது பாடல்களைப் பொறுக்கியெடுத்து வெளியிட்ட திரட்டு அது. 'பில்போர்டு' ஆல்பப் பட்டியலில் ஐந்நூறு வாரங்களுக்கும் மேலாக இடம்பெற்றது. குழு உண்மையில் செய்தவை வேறு. 1968 முதல் 1972 வரையிலான ஐந்தே ஆண்டுகளில் ஏழு ஆல்பங்கள்: குழுவின் பெயரையே தாங்கிய முதல் தட்டு, 'பேயூ கன்ட்ரி', 'கிரீன் ரிவர்', 'வில்லி அண்ட் த புவர் பாய்ஸ்', 'காஸ்மோஸ் ஃபேக்டரி', 'பெண்டுலம்', 'மார்டி கிரா'. இவற்றுள் நடுவிலுள்ள 'பேயூ கன்ட்ரி', 'கிரீன் ரிவர்', 'வில்லி' ஆகிய மூன்றும் 1969 என்னும் ஒரே ஆண்டில் வந்தவை.

ஏழிலும் சேர்த்து 65 பாடல்கள். திரட்டு எடுத்துக்கொண்டது 20, விட்டது 45. எண்ணிக்கை குறித்து நமக்குப் புகார் இல்லை. எந்தத் திரட்டும் எதையாவது விட்டே தீரும். நம் புகார், எடுத்துக்கொள்ளப்பட்ட இருபதைப் பற்றியது. அவை தம் இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டபோது அவற்றின் பொருளும் பெயர்ந்துவிட்டது. திரட்டு ஒரு நுழைவாயில்தானே, அதன் வழியே உள்ளே போகலாமே என்பர். போனவர்கள் எத்தனை பேர்? நம்மில் பலர் அந்த வாயிற்படியிலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டோம்.

*

தண்டியலங்காரம் செய்யுளை நான்காகப் பகுக்கிறது: முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை. தனியே நின்று பொருள் முடிவது முத்தகம். சிதறிக் கிடந்தவற்றை ஏதோ ஓர் ஒழுங்கு பற்றித் திரட்டினால் தொகைநிலை. ஒன்று மற்றொன்றைப் பற்றிக்கொண்டு செல்வது தொடர்நிலை. இப்பாகுபாட்டில் உயர்வு தாழ்வு இல்லை. குறுந்தொகையும் தொகைதான். ஆனால் தொடர்நிலையாகச் செய்யப்பட்ட ஒன்றை உடைத்து, அதன் துண்டுகளைத் தொகையாக அடுக்கி, இதுவே அந்நூல் என்று விற்பனை செய்தால் நாம் ஒப்புக்கொள்வோமா?

சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதை மட்டும் பாடமாக வைக்கப்படும்போது தமிழ் படித்த நாம் எவ்வளவு குமுறுகிறோம்! கண்ணகியின் சினம் மட்டும் மாணவனுக்குத் தெரிகிறது. அடைக்கலக் காதையின் அமைதி தெரியாததால் அந்தச் சினத்தின் எடை தெரிவதில்லை என்கிறோம். சரியான குமுறல். இசைத்தட்டு என்று வரும்போது அதே நாம், பாடத்திட்டக் குழுவைப் போலவே நடந்துகொள்கிறோம்.

எடுத்துக்காட்டுக்கு 'வில்லி அண்ட் த புவர் பாய்ஸ்' தட்டையே எடுத்துக்கொள்வோம். 1969இன் இறுதி மாதங்களில் வந்தது. அதன் பத்துப் பாடல்களில் இரண்டை மட்டுமே திரட்டு ஏற்றது: 'டவுன் ஆன் த கார்னர்', 'ஃபார்ச்சுனேட் சன்'. மற்ற எட்டும் இல்லாமல் இவ்விரண்டும் என்ன ஆகின்றன என்று பார்க்கலாம்.

தட்டின் உறையில் கலிஃபோர்னியா மாநிலத்து ஓக்லண்ட் நகரின் ஒரு மூலைக்கடை. அதன் முன்னே குழுவினர் நால்வரும் தெருப்பாடகர்களாக நிற்கிறார்கள். சலவைப்பலகையைச் சுரண்டித் தாளம், கவிழ்த்த தொட்டியில் கம்பும் கயிறும் கட்டிய ஒற்றைத் தந்தி. முதற்பாடல் இந்தக் கற்பனைத் தெருக்குழுவை அறிமுகம் செய்கிறது. வேலை முடிந்து வீடு திரும்புவோர் நின்று கேட்டு, இயன்றால் காசு போடுவார்கள், காசில்லாதவரும் கேட்கலாம். இரண்டாம் பாடலான 'இட் கேம் அவுட் ஆஃப் த ஸ்கை' ஓர் அங்கதம். ஒரு விவசாயியின் நிலத்தில் வானத்திலிருந்து ஏதோ விழுகிறது. துணை அதிபர் முதல் வாத்திகன் வரை, ஹாலிவுட் முதல் தொலைக்காட்சிச் செய்தியாளர் வரை, ஆளுக்கொரு ஆதாயம் தேடி ஓடிவருகிறார்கள். மனிதன் நிலவில் கால்வைத்த ஆண்டில் வந்த பாட்டு என்பதை மறக்க வேண்டாம். மூன்றாவது, லெட் பெல்லி என்னும் கறுப்பினப் பாடகரிடமிருந்து வந்த பருத்திக்காட்டுப் பாடல். நான்காவது, தெருக்குழுவே சலவைப்பலகையும் மவுத் ஆர்கனுமாக வாசிக்கும் வாத்திய இசை. அது தேய்ந்து, அப்படியே ஐந்தாம் பாடலுக்குள் கரைகிறது. அந்தக் கரைதலை எந்தத் திரட்டாலும் தூக்கிச்செல்ல இயலாது. இரு பாடல்களுக்கு இடையே இருப்பதைத் தனிப்பாடலாகப் பெயர்க்க முடியாதல்லவா?

தட்டைத் திருப்பிப் போட்டால் இரண்டாம் பக்கத்தின் முதற்பாடல் 'ஃபார்ச்சுனேட் சன்'. பலரும் எண்ணுவதுபோல இப்பாடலில் வியட்நாம் என்ற சொல்லே இல்லை. இது வர்க்கத்தைப் பற்றிய பாடல். அதிகாரத்தில் இருப்பவனின் மகனும் பணக்காரனின் மகனும் கொடியசைத்து நிற்க, போருக்குப் போகிறவன் வேறொருவன் என்னும் சினம். எழுதிப் பாடிய ஜான் ஃபோகர்ட்டியும் டிரம்மர் டக் கிளிஃபோர்டும் ரிசர்வ் படைகளில் பணியாற்றித் திரும்பியவர்கள். ஆகவே அந்தச் சினம் இரவல் சினமன்று. இரண்டே கால் நிமிடத்தில் சுழன்றடித்து ஓய்கிறது.

ஓய்ந்தவுடன் வருகிறது 'டோன்ட் லுக் நவ்'. நம் வாதம் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் நிற்கிறது. இசை சட்டென்று இலகுவாகிவிடுகிறது; பழைய நாட்டுப்புறத் துள்ளல். ஆனால் பாட்டு கேட்பது கடுமையான கேள்வி. சுரங்கத்தில் இறங்குவது யார், ஏர் பிடிப்பது யார், நம் காலணியையும் ஆடையையும் உண்டாக்குவது யார் என்று உழைப்பின் பட்டியல் நீள்கிறது. அவ்வேலைகளைச் செய்யப்போகிறவர் பாடுபவரும் அல்லர், கேட்பவரும் அல்லர் என்பதே பாட்டின் குத்தல். முன்பாட்டில் அதிகார வர்க்கத்தின் பிள்ளைகளை நோக்கி நீண்ட விரல், இப்பாட்டில் நம் பக்கமாகத் திரும்பிவிட்டது. ஒரு நிமிடத்துக்கு முன்னர் 'நான் அந்த அதிர்ஷ்டசாலி இல்லை' என்று கூடச் சேர்ந்து கத்தியவனிடம், 'சுரங்கத்துக்குள் இறங்காதவரை நீயும் ஒருவகை அதிர்ஷ்டசாலிதான்' என்கிறது தட்டு.

இதை யாரும் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. அடுத்து வருவது அமெரிக்கத் தெற்கின் சிறைக்கைதிகளிடையே வழங்கி, லெட் பெல்லியின் குரலில் பரவிய 'மிட்நைட் ஸ்பெஷல்'. ரயிலின் ஒளி தன்மேல் படாதா என்று ஏங்கும் கைதியின் பாட்டு. பணக்காரன் மகன், உழைப்பாளி, கைதி என்று படிப்படியாக இறங்கி வந்தபின், ஒரு வாத்திய இசை. அதன்பின் ஆறரை நிமிட 'எஃபிஜி'. மாளிகைப் புல்வெளியில் பற்றிய தீ நாடெங்கும் பரவி, விடியும்போது மிச்சம் அதிகமில்லை என்று முடிகிறது. மூலைக்கடைத் தாளத்தில் தொடங்கிய தட்டு எரியும் நாட்டில் முடிகிறது. இது தொடர்நிலை இல்லையென்றால் எதுதான் தொடர்நிலை?

*

சினத்தை மட்டும் வைத்துக்கொண்டு சினம் திரும்பிப் பார்க்கும் இடத்தை வெட்டியதன் விளைவு என்ன? 1986இல் அதே நிறுவனம் இரண்டாம் திரட்டொன்றை வெளியிட்டது. 'டோன்ட் லுக் நவ்' அதில் இடம்பெற்றது. ஒரே மூச்சில் கேட்க வேண்டிய இரு பாடல்கள் பத்தாண்டு இடைவெளியில், இரு வேறு உறைகளில்.

தனித்து விடப்பட்ட 'ஃபார்ச்சுனேட் சன்' யார் கைக்கு வேண்டுமானாலும் போயிற்று. ஒரு ஜீன்ஸ் விளம்பரம், கொடியைப் பற்றிய தொடக்க அடிகளை மட்டும் ஒலிக்கவிட்டு, அதைத் தேசபக்திப் பாட்டாக்கியது. 1994இல் வந்த 'ஃபாரஸ்ட் கம்ப்' திரைப்படத்தில் வியட்நாமில் ஹெலிகாப்டர் இறங்கும் காட்சிக்கு அது பின்னணி. பிறகு ஹெலிகாப்டரைக் கண்டாலே இப்பாட்டைப் போடுவது வழக்கமாகிவிட்டது. 2020இல் டொனால்ட் டிரம்ப்பின் தேர்தல் கூட்டங்களில் அது ஒலித்தபோது, அதை நிறுத்துமாறு ஃபோகர்ட்டி சட்டப்படி அறிவிப்பு விட வேண்டியிருந்தது. செல்வந்தர் மகனைச் சாடும் பாட்டு, செல்வந்தர் மகன் ஒருவரின் மேடையில்!

இதற்குத் திரட்டு மட்டுமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. தனிப்பாடலாக வானொலியில் ஒலித்த நாள்முதலே அந்த ஆபத்து இருந்தது. ஆனால் பாட்டை அதன் அண்டை அயலிலிருந்து பிரித்துவைத்து, அப்பிரிவே இயல்பு என்று மூன்று தலைமுறைகளை நம்ப வைத்தது திரட்டு. அண்டை அயல் அற்ற பாட்டு யார் அழைத்தாலும் போகும்.

*

இனி மறுப்புகளுக்கு வருவோம்.

'அவர்கள் சிங்கிள்களுக்காக இயங்கிய குழு. ஆல்பமெல்லாம் இடைவெளியை நிரப்பியதுதான்' என்பது முதல் மறுப்பு. கேட்கச் சரியாகத் தோன்றும். கணக்குப் பார்த்தால் நிற்காது. அமெரிக்க சிங்கிள் பட்டியலில் இக்குழு ஒருமுறைகூட முதலிடம் பெற்றதில்லை. ஐந்து முறை இரண்டாம் இடத்தோடு நின்றது. ஆல்பப் பட்டியலிலோ 'கிரீன் ரிவர்', 'காஸ்மோஸ் ஃபேக்டரி' இரண்டும் முதலிடம் பெற்றன. பின்னது ஒன்பது வாரங்கள். மக்கள் அன்று தட்டுகளையே வாங்கிக் கேட்டார்கள். 'சிங்கிள் குழு' என்ற பட்டம் பின்னாளில் வந்து ஒட்டியது.

எண்களை விடுவோம், செவியிடம் கேட்போம். 'பேயூ கன்ட்ரி'யின் ஏழு பாடல்களில் திரட்டுக்குத் தேர்வானது ஒன்றே ஒன்று, 'ப்ரவுட் மேரி'. தட்டில் அது ஆறாவது பாட்டு. அதற்கு முன்னால் சதுப்புநிலம். 'பார்ன் ஆன் த பேயூ'வின் கலங்கிய கிட்டார். ஒரே சுரக்கட்டில் எட்டு நிமிடங்களுக்கும் மேலாக ஊர்ந்து செல்லும் 'கிரேவ்யார்ட் ட்ரெய்ன்'. அந்த இருளிலும் சேற்றிலும் அரைமணி நேரத்துக்கு அருகே நடந்து களைத்தவனுக்கு முன்னால்தான், நகரத்து வேலையை விட்டு ஆற்றோடு போகிறவனின் 'ப்ரவுட் மேரி' திறந்துகொள்கிறது. அது தருவது விடுதலை. திரட்டில் அப்பாட்டு மூன்றாவதாக, வெறும் இனிய மெட்டாக வந்து போகிறது. சேற்றைக் கடக்காதவனுக்கு ஆறு வெறும் காட்சி.

'அசல் அனுபவமா இது?' என்று இன்னொரு நண்பர் குறுக்கிடுவார். ஃபோகர்ட்டி கலிஃபோர்னியாவின் எல் செரிட்டோவில் வளர்ந்தவர்; இவற்றை எழுதும்வரை தெற்கின் சதுப்புநிலத்தைக் கண்டதில்லை என்பது அவரே ஒப்புக்கொண்டது. இலக்கியம் படித்தவர்கள் இந்த மறுப்பை எழுப்புவதுதான் நமக்கு வியப்பு. திணை என்பது கவிஞனின் வீட்டு விலாசம் என்று எந்த உரையாசிரியர் சொன்னார்? இட்டுக்கட்டிய நிலம் ஒரு பாட்டில் பொய்யாகத் தோன்றலாம். ஒரு தட்டு முழுவதும் நிலைபெற்றுவிட்டால் அது நிலமாகிவிடுகிறது. அந்த நிலத்தை ஆக்கியவை விடுபட்ட பாடல்களே.

'கிரீன் ரிவர்' தட்டின் முதற்பக்கத்தையும் பாருங்கள். சிறுவயது ஓடையின் நினைவு. அதன்பின் நகரத்து இரைச்சலின் பதற்றம். அதன்பின் குறிசொல்பவன் எச்சரிக்கும் கல்லறை நிழல். முடிவில் 'ரோட் எ சாங் ஃபார் எவ்ரிஒன்'. ஊருக்கெல்லாம் பாட்டெழுதியவனுக்கு வீட்டிலுள்ள ஒருத்தியிடம் பேச வரவில்லை என்னும் துயரம். ஓடை, இரைச்சல் ஆகிய முதல் இரண்டையும் எடுத்துக்கொண்ட திரட்டு, ஒரு கலைஞன் தன் தொழிலையே சந்தேகித்த அந்த நான்காவதை விட்டுவிட்டது. மொத்தத் தட்டும் அரைமணி நேரத்துக்குள் அடங்கிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நேரமில்லை என்ற சாக்கு இங்கே செல்லாது.

'பிறர் பாடல்களைப் பாடி நிரப்பினார்களே' என்பது இன்னொரு மறுப்பு. சில இடங்களில் உண்மை. 'குட் கோலி மிஸ் மாலி' இல்லாவிட்டாலும் 'பேயூ கன்ட்ரி' குறைந்துவிடாது. ஆனால் 'காஸ்மோஸ் ஃபேக்டரி'யில் 'ட்ராவலின் பேண்ட்' எங்கே நிற்கிறது? ஒருபுறம் போ டிட்லியின் பாட்டு, மறுபுறம் ராய் ஆர்பிசன் பாடிப் புகழ்பெற்ற பாட்டு. தாம் யார் பிள்ளைகள் என்பதைக் குழு ஒளிக்காமல் அருகிலேயே வைத்துக் காட்டுகிறது. மேற்கோள் காட்டி எழுதும் உரையாசிரியனின் நேர்மை அது. மேற்கோளை வெட்டி உரையை மட்டும் அச்சிட்டால், எல்லாம் அவன் சொந்தச் சரக்கு என்று தோன்றும். அத்தட்டின் 11 பாடல்களில் ஏழு திரட்டுக்குப் போயின; தட்டின் வாயிலில் நிற்கும், ஏழு நிமிடம் உருமாறி உருமாறிச் செல்லும் 'ராம்பிள் டாம்பிள்' போகவில்லை. வீட்டின் சாமான்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு வாசலை விட்டுவிட்டு வந்த கதை.

*

திரட்டு செய்த ஆகப்பெரிய பிழை இசையைப் பற்றியதுகூட அன்று, வரலாற்றைப் பற்றியது.

ஜான், அவருடைய அண்ணன் டாம் ஃபோகர்ட்டி, பேஸ் கிட்டார் வாசித்த ஸ்டூ குக், டக் கிளிஃபோர்ட் ஆகிய நால்வரில் ஜான் ஒருவரே பெரும்பாலும் எழுதினார், பாடினார், தயாரித்தார். மற்றவர்களின் மனக்குறை வளர்ந்தது. 1970 டிசம்பரில் வந்த 'பெண்டுலம்' தட்டில் ஆர்கனும் சாக்ஸஃபோனும் நுழைகின்றன. இறுதியில் ஒழுங்கு குலைந்த ஓர் ஒலிப்பரிசோதனை. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் டாம் வெளியேறினார். 1972இன் 'மார்டி கிரா'வில் குக்கும் கிளிஃபோர்டும் தாமே எழுதித் தாமே பாடினார்கள். அது அவர்கள் கேட்ட உரிமையா, ஜான் விதித்த நிபந்தனையா என்பதில் அவர்களுக்குள்ளேயே இரு கதைகள் உண்டு. தட்டு சுமார்தான், அதைக் காப்பாற்ற நாம் முயலவில்லை. ஆனால் அந்தத் தடுமாறும் குரல்களைக் கேட்காமல், ஒரு கூட்டம் எப்படி உடைந்தது என்று அறியவே இயலாது.

திரட்டு அத்தட்டிலிருந்து எடுத்தவை இரண்டு. இரண்டும் ஜான் எழுதிப் பாடியவை. ஆக, 'கிரானிக்கிள்' கேட்டவனுக்குக் குக், கிளிஃபோர்ட் இருவரின் பாட்டுக்குரல் இருந்ததே தெரியாது. இருபது பாடல்களும் காலவரிசையில், வெற்றிக்குப்பின் வெற்றியாக, ஒருவர் குரலில். வரலாறு என்னும் பொருள் தரும் பெயரை வைத்துக்கொண்டு வரலாற்றை அழிப்பது இப்படித்தான். 1993இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் குழுவைக் கௌரவித்தபோது, மற்ற இருவரோடு சேர்ந்து வாசிக்க ஜான் மறுத்தார். டாம் 1990இலேயே இறந்துவிட்டார். திரட்டை மட்டும் அறிந்தவனுக்கு அந்த மறுப்பு புதிராக இருக்கும். ஏழு தட்டுகளையும் வரிசையாகக் கேட்டவனுக்கு இராது.

பாடல்களை உடைமையாக வைத்திருந்தவர்களின் அக்கறை எத்தகையது என்பதற்கும் சான்றுண்டு. 1980இல் ஃபேண்டஸி வெளியிட்ட ஒரு நேரடி இசைத்தட்டின் உறையில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் நிகழ்ச்சி என்று இருந்தது. உள்ளே இருந்ததோ 1970 ஜனவரியில் ஓக்லண்டில் நடந்த நிகழ்ச்சி. பிறகு பெயரை மாற்றினார்கள். ஊரையே மாற்றி எழுதியவர்கள் பாட்டின் வரிசையைக் காப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நம் பேதைமை. அதே நிறுவனம், ஃபோகர்ட்டி தம் பழைய பாட்டையே திருடிப் புதுப்பாட்டு செய்தார் என்று வழக்கும் தொடுத்தது. 1988இல் நடுவர் குழு ஃபோகர்ட்டியின் பக்கம் தீர்ப்பளித்தது. 2023இல் அவர் தம் பாடல்களின் பதிப்புரிமையில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றார். 2025இல் அவற்றிலிருந்து தேர்ந்தவற்றைப் புதிதாகப் பாடி வெளியிட்டார். அதில் அவருடைய நியாயம் நமக்குப் புரிகிறது. ஆயினும் அதுவும் ஒரு திரட்டே. உரிமை மீண்டது, வரிசை மீளவில்லை.

*

'இனி யார் வரிசையாகக் கேட்கப்போகிறார்கள்? இணைய இசைத் தளங்களில் பாட்டுதான் அலகு' என்பது கடைசி மறுப்பு. இதில் ஒரு முரண் இருப்பதைச் சொன்னவர்கள் கவனிக்கவில்லை. தட்டுகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த காலத்தில், ஏழுக்குப் பதில் ஒன்றை வாங்கியவனை மன்னிக்கலாம். அவன் பையில் அவ்வளவுதான் இருந்தது. இன்று ஏழும் அத்தளங்களில் திரட்டுக்குப் பக்கத்திலேயே கிடக்கின்றன. வறுமை நீங்கிய பின்னும் வறுமைக்காலப் பழக்கத்தை விடாதவர்களுக்குக் காலத்தின்மேல் பழிபோடும் உரிமை இல்லை.

ஆகவே ராக் இசை குறித்து இனி எழுதப்போகும் நண்பர்களுக்கு நம் வேண்டுகோள் சிறியது. 'ஃபார்ச்சுனேட் சன்' போர் எதிர்ப்பின் உச்சம் என்று அடுத்த கட்டுரையில் எழுதுமுன், அது இடம்பெற்ற தட்டின் இரண்டாம் பக்கத்தை ஒருமுறை முழுமையாகக் கேளுங்கள். அந்தப் பாட்டு முடிந்தவுடன் நிறுத்திவிடாதீர்கள். அடுத்து வரும் துள்ளல் பாட்டு உங்களைப் பார்த்தும் எங்களைப் பார்த்தும் ஒன்று கேட்கிறது. அதற்கு விடை சொல்லிவிட்டு எழுதுங்கள்.